சொல்லும் ஒரு மருந்து

(வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



போகம்பரை மைதானத்திலே ஓர் உதைபந்தாட்டப் போட்டி நடைபெறுவதாக வைத்துக்கொள்வோம். இடைவேளை வந்துவிட்டது. நமது அணி இரண்டு கோல்களாற் பின்தங்கி நிற்கிறது. வீரர்கள் தலைகுனிந்து அமர்ந்திருக்கின்றனர். பயிற்சியாளருக்குக் கிடைப்பது 15 நிமிடம். அவர் என்ன சொல்ல வேண்டும்?

இக்கேள்வியை நம் வாலிபர் பலர் இன்று கணினித் திரையிலே சந்திக்கின்றனர். ஓர் அணியை நிருவகிக்கும் விளையாட்டுகளில், ஆட்டத்திற்கு முன்னும் இடைவேளையிலும் முடிவிலும் வீரரோடு பேச வேண்டும். புகழலாம், கடிந்துகொள்ளலாம், தேற்றலாம். ஒரே சொல் ஒருவனுக்கு ஊக்கமாகிறது; மற்றொருவனைக் கலங்க வைக்கிறது. பெரியோர் இதனை வீண் பொழுதுபோக்கென்று தள்ளிவிடலாகாது. மனிதனோடு மனிதன் பேசும் வகையல்லவா அங்கே பாடமாகிறது!

இப்பாடம் நமக்குப் புதியதுமன்று. கடற்கரையிலே வானரர் சோர்ந்திருந்தபோது, சாம்பவான் அனுமனுக்குப் புதுப் பலம் எதனையும் கொடுக்கவில்லை. அவனிடம் இருந்த பலத்தை நினைவூட்டினான், அவ்வளவே. அனுமன் கடல் தாவி நம் இலங்கைக்கு வந்து சேர்ந்தான்.

அண்மைக்கால வரலாற்றுக்கு வருவோம். 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு விழா நடைபெற்றது. இந்திய உதைபந்தாட்ட அணியின் பயிற்சியாளர் சையது அப்துல் ரகீம், ஐதராபாத்தைச் சேர்ந்த ஆசிரியர், புற்றுநோயால் வருந்திக்கொண்டிருந்தவர். இறுதியாட்டத்தில் எதிர்ப்பட்ட தென்கொரியாவோ, முதற்சுற்றில் இந்தியாவை 2-0 என வென்ற அணி. அரங்கிலிருந்த மக்களும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டனர். ஆட்டத்திற்கு முன்னர் ரகீம் தம் வீரரிடம், நாளை எனக்கு ஒரு பரிசு தாருங்கள், தங்கத்தை வென்று வாருங்கள் என்று கேட்டாராம். செப்தெம்பர் 4ஆம் நாள் இந்தியா 2-1 என வென்றது. அடுத்த ஆண்டு யூன் மாதம் ரகீம் காலமானார்.

ஆனால், சொல் மட்டுமா வென்றது? இல்லை. தலையிற் காயம்பட்டுத் தையலிடப்பட்டிருந்த தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கை முன்னணியில் ஆடவிட்டவரும் ரகீமே. அவர் ஒரு கோல் அடித்தார். உழைப்பும் உபாயமும் இல்லாதவன் வாய்ச்சொல் வெறும் காற்றே.

மற்றைய கோலை அடித்தவர் பி. கே. பானர்ஜி. அவரே பிற்காலத்திற் கல்கத்தாவின் பெரும் பயிற்சியாளரானார். வீரரைத் தட்டியெழுப்பும் அவர் பேச்சுக்கு ‘வோகல் டொனிக்’ என்றே பெயர் வழங்கிற்று. 1997 யூலை 13ஆம் நாள், பெடரேசன் கிண்ண அரையிறுதியாட்டத்தைக் காண 130,000 பேருக்கு மேல் திரண்டனர். மோகன் பகான் அணியின் பயிற்சியாளர் அமல் தத்தா, ஈஸ்ட் பெங்கால் வீரரைப் பற்றி முன்னதாக ஏளனமாகப் பேசியிருந்தார். பானர்ஜி அந்த ஏளனத்தையே தம் வீரருக்கு மருந்தாக்கினார். ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது. பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல்கள் அடித்தார்.

அன்பர்களே, மருந்தென்றால் அளவும் வேளையும் உண்டு. தினமும் உரத்துக் கத்துபவன் சொல் நாளடைவிற் செவியில் ஏறாது. தகுதியற்ற புகழும் அப்படியே. கூச்சமுள்ளவனைத் தனியே அழைத்துத் திருத்துக. செருக்குற்றவனுக்கு அவன் கடமையைக் காட்டுக. ஆளறிந்து பேசுதலே சொல்வன்மை.

பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். பரீட்சையில் தவறிய பிள்ளை வீட்டுக்கு வரும் வேளையும் ஓர் இடைவேளையே. அப்போது அடுத்த வீட்டுப் பிள்ளையின் புள்ளிகளை எடுத்துரைக்கிறோம். அதனாற் பிள்ளையின் தலை மேலும் குனிகிறதேயன்றி நிமிர்வதில்லை. தோட்டத்து லயத்திலிருந்து நடந்தும் பஸ்ஸேறியும் பாடசாலைக்கு வரும் பிள்ளைக்கு, “உன்னால் இயலும், எங்கே தவறினாய் என்று சேர்ந்து பார்ப்போம்” என்று சொல்ல ஒருவர் இருந்தாற் போதும், அவன் மறுமுறை எழுதத் துணிவான்.

வாலிபரே, உங்களுக்கும் ஒன்று. சாம்பவான் சொன்னான், தாவியவன் அனுமனே. நல்ல சொல் கேட்டபின் எழுந்து ஓட வேண்டிய கால்கள் உங்களுடையவை.