கங்கை ஜலமும் கிருமியைத் தின்னும் கிருமியும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளைப் பற்றியது. கண்ணுக்குத் தெரியாததைப் பற்றிப் பேசுவது புரோகிதர் தொழிலாயிற்றே, உங்களுக்கு எதற்கு என்று யாராவது கேட்கலாம். புரோகிதர் காட்டாததை நம்பச் சொல்லுகிறார். நான் சொல்லப்போவதை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பு வைத்திருக்கும் எவரும் படம் பிடித்துப் பார்த்துக்கொள்ளலாம். வித்தியாசம் அவ்வளவுதான்.

கங்கை ஜலத்தைச் செம்பில் அடைத்து எத்தனை வருஷம் வைத்திருந்தாலும் கெடாது, அது தெய்வத்தன்மை என்று முன்பு சொல்லி வந்தார்கள். இப்பொழுது படித்தவர்கள் அதையே கொஞ்சம் மாற்றி, "காலராக் கிருமியைக் கொல்லும் சக்தி கங்கைக்கு உண்டென்று வெள்ளைக்காரனே கண்டுபிடித்துவிட்டான், நம் முன்னோர்கள் அதை அன்றே அறிந்திருந்தார்கள்" என்கிறார்கள். சாஸ்திரத்தால் நிலைநாட்ட முடியாததை சயன்ஸின் பேரால் நிலைநாட்டப் பார்க்கிறார்கள். ஆகவே அந்த சயன்ஸ் என்ன சொல்லுகிறது என்பதையே பார்ப்போம்.

ஆக்ராவில் வேலை பார்த்த ஹேங்கின் என்ற ஆங்கிலேயர் 1896-ல் கங்கை, யமுனை ஜலத்தைச் சோதித்து, அதில் விட்ட காலராக் கிருமிகள் சில மணி நேரத்தில் மாண்டுபோவதாக எழுதினார். உண்மைதான். ஆனால் அவர் தெய்வம் என்று எழுதவில்லை. ஆவியாகிப் போகக்கூடிய ஏதோ ஒரு பொருள் என்றே கருதினார். அது கிருமியைத் தின்னும் கிருமியாகத்தான் இருக்க வேண்டும் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். அதுவும் சந்தேகமே. இறுக மூடிய குழாயில் காய்ச்சியும் அந்தச் சக்தி போகவில்லை என்று ஹேங்கினே எழுதியிருக்கிறார். கிருமி தின்னும் கிருமியோ அந்தச் சூட்டைத் தாங்காது.

அந்தக் கிருமிதான் என்ன? 1915-ல் லண்டனில் டுவார்ட் என்பவரும், 1917-ல் பாரிஸில் தெரெல் என்பவரும், ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்யாமல், தனித்தனியே கண்டார்கள். தெரெல் அதைக் கண்டெடுத்தது எந்தப் புண்ணிய தீர்த்தத்திலும் அல்ல. சீதபேதி நோயாளிகளின் மலத்தில்! பாக்டீரியாவைத் தின்பது என்ற அர்த்தத்தில் பாக்டீரியோபேஜ் என்று பெயரும் வைத்தார். அது ஒருவகை வைரஸ். தனக்கேற்ற பாக்டீரியாவின் மேல் ஒட்டிக்கொண்டு, தன் மரபுப்பொருளை உள்ளே செலுத்தும். சில ஜாதிப் பேஜ்கள் அரைமணி நேரத்திற்குள் நூறு குட்டிகளுக்கு மேல் போட்டு, அந்தப் பாக்டீரியாவை வெடிக்கச் செய்து வெளியே வந்துவிடும். ஆனால் எல்லாப் பாக்டீரியாவையும் தின்னாது. காலராக் கிருமியைத் தின்னும் பேஜ், டைபாய்டு கிருமியின் பக்கம் திரும்பியும் பாராது.

இது கங்கைக்கு மட்டும் கிடைத்த வரமா? கடல் ஜலத்தில் ஒரு மில்லி எடுத்தால் சுமார் ஒரு கோடி வைரஸ்கள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை பேஜ்களே. உலகம் முழுவதும் சேர்த்தால் ஒன்றுக்குப் பின் 31 சைபர் போட்ட தொகை என்று மதிப்பிடுகிறார்கள். கூவத்திலும் உண்டு, நம் வயிற்றிலும் உண்டு. மலத்தில் வாழும் பாக்டீரியாவைத் தின்னும் பேஜ் வேண்டுமென்றால் ஆராய்ச்சிக்காரர்கள் முதலில் தேடிப் போவது சாக்கடையைத்தான்! இரை எங்கே உண்டோ அங்கேதான் வேட்டையாடுவதும் இருக்கும். அப்படியானால் ஒரு நதியில் மலக்கிருமியைத் தின்னும் பேஜ் மிகுதி என்பதற்கு என்ன அர்த்தம்? அந்த நதியில் மலம் மிகுதி என்றுதானே அர்த்தம்? இதைப் பெருமை என்று சொல்லிக்கொள்ளலாமா? யோசித்துப் பாருங்கள்.

கங்கை கடலில் சேரும் வங்காள தேசத்தில், டாக்காவில் செய்த ஆராய்ச்சி ஒன்று 2005-ல் வெளிவந்தது. ஜலத்தில் காலராப் பேஜ் பெருகும்போது நோய் தணிகிறது என்று கண்டார்கள். பக்தர்கள் இதைக் கேட்டுச் சந்தோஷப்படக்கூடும். ஆனால் அந்தப் பேஜ் எங்கே பெருகிற்று? நோயாளிகளின் வயிற்றில் பெருகி, பேதியோடு வெளியேறி ஜலத்தில் கலந்தது. அதாவது, ஜனங்கள் நோயில் விழுந்த பிறகுதான் அந்த ரட்சகர் எழுந்தருளுகிறார்!

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. 1977-ல் சாங்கரும் அவர் கூட்டத்தாரும் ஒரு பேஜின் டி.என்.ஏ. முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டார்கள். மொத்தம் 5,386 எழுத்துக்கள். முழுதும் படிக்கப்பட்ட முதல் டி.என்.ஏ. ஜீனோம் அதுதான். அந்த வழியே போனவர்கள் 1996-ல் என்ன கண்டார்கள் தெரியுமா? காலராக் கிருமி நம் உடம்பின் நீரையெல்லாம் பேதியாக வெளியேற்றும் அந்த விஷத்தின் ஜீன், கிருமியின் சொந்தச் சொத்தல்ல. ஒரு பேஜ் கொண்டுவந்து உள்ளே வைத்தது! ஒரு பேஜ் காலராக் கிருமியைக் கொல்லுகிறது. வேறொரு பேஜ் அதற்கு விஷம் கொடுக்கிறது. முன்னதைத் தெய்வம் என்றால் பின்னதை என்னவென்று சொல்வது? இரண்டும் தெய்வமுமல்ல, பிசாசுமல்ல. தங்கள் வம்சத்தைப் பெருக்கிக்கொள்ளுகின்றன. நம்முடைய பாவ புண்ணியம் அவற்றுக்குத் தெரியாது.

பேஜால் பிரயோஜனமே இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. 1923-ல் எலியாவா என்பவர் ஜார்ஜியா நாட்டின் திபிலிசியில் தொடங்கிய ஸ்தாபனம் இன்றும் பேஜை மருந்தாகக் கொடுத்து வருகிறது. மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகிவரும் இக்காலத்தில் மற்ற தேசங்களும் அதைக் கவனிக்கின்றன. ஆனால் அவர்கள் எப்படிக் கொடுக்கிறார்கள்? நோயாளியின் கிருமி இன்னதென்று சோதித்து, அதைக் கொல்லும் பேஜைத் தேர்ந்தெடுத்து, சுத்தம் செய்து, அளந்து கொடுக்கிறார்கள். ஆற்று ஜலத்தை மொண்டு தலையில் தெளிப்பதில்லை.

ஆகவே தோழர்களே! எந்த நதியின் ஜலமானாலும் காய்ச்சிக் குடியுங்கள். குழந்தைக்குக் கொடுப்பதாயிருந்தால் கட்டாயம் காய்ச்சியே கொடுங்கள். உங்கள் ஊருக்குக் கக்கூசும், சாக்கடையும், சுத்தமான குழாய்த் தண்ணீரும் வேண்டுமென்று முனிசிபாலிட்டியையும் பஞ்சாயத்தையும் விடாமல் கேளுங்கள். நதி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் என்று யாராவது பதில் சொன்னால், அந்த ஜலத்தை ஒரு டம்ளர் மொண்டு அவருக்கே முதலில் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.