ஐந்து சாம்பிளும் ஒரு லாட்டும்



பழவேற்காடு ஏரியும் பொன்னேரிப் பக்கத்து இறால் பண்ணைகளும் சிப்காட் ஆலைகளும் அடுத்தடுத்து இருக்கும் கும்மிடிப்பூண்டியில் நாம் கூடியிருக்கிறோம். எனவே இறாலிலிருந்தே தொடங்குகிறேன்.

உறைந்த பச்சை இறாலின் மொத்த நுண்ணுயிர் எண்ணிக்கைக்கு ஐசிஎம்எஸ்எஃப் ஆணையம் வகுத்த திட்டம் நீங்கள் அறிந்ததே. ஒரு லாட்டிலிருந்து 5 சாம்பிள். கிராமுக்கு 10 லட்சம் வரை நல்லது. 10 லட்சத்துக்கும் 1 கோடிக்கும் இடையில் 3 சாம்பிள் வரை பொறுக்கலாம். ஒன்றே ஒன்று 1 கோடியைத் தாண்டினாலும் லாட் தேறாது. எஃப்எஸ்எஸ்ஏஐ அட்டவணைகளும் இதே வடிவில்தான் உள்ளன. அப்படியிருக்க, ‘20 லட்சம்’ என்ற ஒற்றை எண்ணோடு ஒரு ரிப்போர்ட் வந்தால், லாட் தேறியதா என்று யாரால் சொல்ல முடியும்? மற்ற நான்கு எங்கே?

சால்மோனெல்லாவுக்குப் பொறுத்தல் என்பதே கிடையாது. 5 சாம்பிளிலும், 25 கிராமில் ‘இல்லை’ என்று வரவேண்டும். இந்த ‘இல்லை’யை நாம் அளவுக்கு மீறி நம்புகிறோம். நூற்றுக்கு 5 பாக்கெட்டில் கிருமி உள்ள லாட்டை எண்ணிப் பாருங்கள். ஆய்வகம் அப்பழுக்கில்லாமல் வேலை செய்தாலும், அப்படிப்பட்ட 100 லாட்டில் ஏறக்குறைய 77 தேறிவிடும். 60 சாம்பிள் எடுத்தால் 5 லாட் அளவுக்குத்தான் தப்பும். குழந்தைகளுக்கான பால்மாவுக்குக் கோடெக்ஸ் 60 சாம்பிள் கேட்பது இதனால்தான்.

என்னை நெடுநாளாக உறுத்துவது மறுபரிசோதனை. ஒரு சாம்பிளில் சால்மோனெல்லா வந்ததும், “இன்னொரு தடவை போட்டுப் பாருங்க சார்” என்று போன் வரும். புதிதாக 5 எடுத்துப் போட்டால், மேற்சொன்ன கணக்குப்படி நான்கில் மூன்று தடவை ‘இல்லை’ என்றே வரும். லாட் திருந்திவிடவில்லை, கெட்ட பாக்கெட் கையில் சிக்கவில்லை, அவ்வளவே. கிருமி லாட் முழுதும் சீராகப் பரவியிருப்பதும் இல்லை. கிளேசிங் தண்ணீர் கெட்டுப்போன அரைமணி நேரத்தில் லைனில் போன பாக்கெட்டுகளில் அது குவிந்திருக்கலாம். முதலில் கண்டது கண்டதுதான். பின்னால் வரும் பத்து ‘இல்லை’யும் அதை அழிக்காது. அந்த போனுக்கு ‘முடியாது’ என்று சொல்லும் இளம் ஆய்வாளரின் பக்கம் நாம் நிற்க வேண்டும்.

லாட்டைக் காப்பது சாம்பிள் அல்ல. ஐஸ், கழுவுநீரின் குளோரின் அளவு, ஈரத் தரையிலும் மேசையிலும் தினமும் எடுக்கும் ஸ்வாப் ஆகியவைதான் காக்கின்றன. அவை ஒழுங்காக இருக்கின்றனவா என்று சரிபார்க்கவே சாம்பிள்.

முடிவு சோதித்த சாம்பிளுக்கு மட்டுமே பொருந்தும் என்று ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். அதற்கு மேலே மூன்று விவரம் வரவேண்டும் என்பது என் கோரிக்கை: சாம்பிளை எடுத்தது யார், எத்தனை எடுத்தார், மறுபரிசோதனையானால் முதல் முடிவு என்ன. இதன் வாசகத்தை மாலை அமர்வில் வரி வரியாக விவாதித்துத் தீர்மானமாக்குவோம். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.