மை லாய்: சுட்டவன் மட்டும்தான் குற்றவாளியா?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிழைப்புத் தேடி ஊர்விட்டு வந்த நாம் காலை முதல் இரவு வரை யாரோ ஒருவருடைய உத்தரவுக்குக் கட்டுப்பட்டே வேலை செய்கிறோம். ஆகவே, "மேலிடத்து உத்தரவு, செய்தேன்" என்று ஒருவன் சொன்னால் நமக்கு இரக்கம் வருகிறது. அந்த இரக்கம் எதுவரை போகலாம் என்பதை இன்று எண்ணிப் பார்ப்போம்.

1968 மார்ச் 16. தென் வியட்நாமில் சொன் மீ கிராமத்தைச் சேர்ந்த மை லாய் குடியிருப்பு. காலை ஏழரை மணிக்கு அமெரிக்கச் சிப்பாய்கள் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார்கள். எதிரிப் படை இருக்கிறது என்று அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. இருந்தவர்களோ கிழவர்கள், பெண்கள், கைக்குழந்தைகள். அவர்களை வாய்க்காலில் தள்ளிச் சுட்டார்கள். அன்று சொன் மீயில் மாண்டவர்கள் வியட்நாம் கணக்கில் 504 பேர். அமெரிக்க ராணுவத்தின் கணக்கில் 347 பேர். ஆனால் 128 எதிரிகளைக் கொன்றதாகத்தான் ராணுவம் அன்றைக்கு அறிவித்தது.

அதே படையில் சுட மறுத்தவர்களும் இருந்தார்கள். ஹியூ தாம்ஸன் என்ற ஹெலிகாப்டர் விமானி, பதுங்கியிருந்த மக்களுக்கும் சிப்பாய்களுக்கும் நடுவே தன் ஹெலிகாப்டரை இறக்கினார். "இவர்கள் மக்களைச் சுட்டால் நீங்கள் இவர்களைச் சுடுங்கள்" என்று தன் ஆட்கள் இருவரிடம் சொன்னார். அந்த மக்கள் உயிர் தப்பினார்கள். ஆக, வேறு வழியே இல்லை என்ற பேச்சு அங்கேயே பொய்யாகிவிட்டது.

ஓராண்டுக்கு மேல் உண்மை மூடி மறைக்கப்பட்டது. நேரில் பார்க்காவிட்டாலும் நண்பர்களிடம் கேட்டறிந்த ரொனால்ட் ரைடன்அவர் என்ற சிப்பாய் 1969 மார்ச்சில் தலைவர்களுக்குக் கடிதங்கள் எழுதினார். அதன் பிறகே விசாரணை வந்தது. 1971ல் லெப்டினன்ட் வில்லியம் கேல்லி ஒருவருக்கு மட்டும் ஆயுள் தண்டனை கிடைத்தது. அவரும் பெரும்பாலும் வீட்டுக் காவலில் இருந்து 1974ல் வெளியே வந்துவிட்டார். அவருடைய கேப்டன் மெடினா விடுதலையானார். மறைத்த மேலதிகாரி ஒருவர்கூடச் சிறை செல்லவில்லை.

"ஏன் இவன் ஒருவனை மட்டும்?" என்று அமெரிக்க மக்கள் கடிதங்களும் தந்திகளும் அனுப்பினார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் அவனை விட்டுவிடு என்பது அதற்குப் பதிலாகாது. மேலே இருப்பவனையும் கூண்டில் ஏற்று என்பதே பதில்.

நம் ரயில்வேயைப் பாருங்கள். முன்னே போன வண்டி அடுத்த ஸ்டேஷன் போய்ச் சேராதபோது எந்த அதிகாரி போனில் சொன்னாலும் அடுத்த வண்டிக்கு லைன் கிளியர் கொடுக்கக் கூடாது. கொடுத்து விபத்து நேர்ந்தால், "அவர் சொன்னார்" என்பது கொடுத்தவரைக் காப்பாற்றாது. சொன்னவரும் தப்பக் கூடாது. பழியைப் பங்கு போடுவதால் ஒருவருடைய பங்கும் குறைவதில்லை. ரயிலுக்கு உள்ள இந்த நியாயம் துப்பாக்கிக்கு வேண்டாமா?

தோழர்களே, நம் வீட்டுப் பிள்ளைகளும் ராணுவத்துக்கும் போலீசுக்கும் போகிறார்கள். அவர்களை வழியனுப்பும்போது, நிராயுதபாணியைச் சுடச் சொல்வது உத்தரவே அல்ல என்று சொல்லி அனுப்புவோம். அந்நியன் செய்தால் கொலை, நம்மவன் செய்தால் கடமை என்று இரண்டு தராசு வைக்க வேண்டாம். தவறு காதில் விழுந்தால், ரைடன்அவரைப் போல ஒரு கடிதமாவது எழுதுவோம். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க நாம் இருக்கிறோம்.