புதுக் கன்றும் பழைய மரமும்

(பரிசளிப்பு விழாவில் பள்ளியின் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்தவன் நான். இன்று இணையச் செயலிகள் எழுதிப் பிழைக்கிறேன். "புதுசா ஒண்ணு வந்திருக்கே, அதிலேயே செஞ்சிடலாமே சார்!" என்று என்னிடம் வேலை பழகும் இளைஞர்கள் கேட்பார்கள். நான் தயங்குவேன். பழைய ஆள் என்று சிரிப்பார்கள். என் தயக்கத்துக்குக் காரணம் உண்டு; கேளுங்கள்.

இங்கிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பாடிய பன்னிரண்டு குழந்தைப் பாடல்களை 2009இல் ஒலிப்பதிவு செய்து, எழுத்துகள் ஆடிப்பாடும் விளையாட்டாக இணையத்தில் ஏற்றினேன். அப்போது பெரும்புகழோடு விளங்கிய ஃபிளாஷ் தொழில்நுட்பத்தில்தான் செய்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

2020 டிசம்பர் 31ஆம் நாளோடு ஃபிளாஷுக்கு ஆதரவு நின்றது. 2021 ஜனவரி 12 முதல் அது இயங்கவே மறுத்தது. பாட்டு இருந்த இடத்தில் வெறும் கட்டம்! ஆசிரியையோ அதற்கு முன்பே காலமாகிவிட்டார். மூல ஒலிப்பதிவை நான் தனியே எடுத்து வைக்கவில்லை. தவறு என்னுடையதே. ஒரு மாதம் பழைய கணினிகளைக் குடைந்து, அகப்பட்ட கோப்புகளைப் பிரித்ததில் ஏழு பாடல்களே மீண்டன. ஐந்து, போனது போனதுதான்.

ஃபிளாஷுக்கு மட்டும் நேர்ந்த கதியன்று இது. 2007இல் வந்த சில்வர்லைட் 2021இல் ஓய்ந்தது. 2010இல் வந்த ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கும் 2021 இறுதியோடு ஆதரவு நின்றது. ஆனால் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய முதல் இணையதளத்தின் 1992ஆம் ஆண்டுப் பிரதி, எளிய எச்டிஎம்எல்லில் எழுதப்பட்டது, இன்றைய கைப்பேசியிலும் திறக்கிறது!

என் தந்தையார் தோட்டத்தில் பால்வெட்டியவர். "புதுக் கன்னு செழிப்பாத்தான் தெரியும் தம்பி. மங்குல பால் விழுந்தப்புறம் பேசு" என்பார். ரப்பர் கன்று பாலுக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகுமல்லவா?

அன்பு மாணவர்களே, புதியதை வெறுக்காதீர்கள், கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது நாளை நின்றுபோனால் நம் பொருளை வெளியே எடுக்க முடியுமா? விலை குறைந்த கைப்பேசியிலும் ஓடுமா? எழுதியவர் போனபின் இன்னொருவர் படித்துப் பழுது பார்க்க முடியுமா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் துணிந்து இறங்குங்கள். எதுவானாலும் மூலத்தைத் தனியே பத்திரப்படுத்துங்கள்.

பெற்றோர்களே, இன்று உங்கள் பிள்ளை மேடையில் பாடியதைப் பதிவு செய்திருப்பீர்கள். அதை ஒரே செயலிக்குள் பூட்டி வைக்காதீர்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். அந்த ஆசிரியையிடம் படித்தவர்கள் இம்மலரைப் படிப்பீர்கள். தொலைந்த ஐந்து பாடல்களில் ஒன்றாவது நினைவிருந்தால் பள்ளிக்கு வந்து பாடிக் கொடுங்கள். இம்முறை பத்திரமாக வைப்பேன்.