நிரலுக்கு உள்ள உரிமை கையேட்டுக்கு இல்லையா?



மூல நிரலைத் திருத்தி, நிறுவத்தக்க பொதியாக்கித் தருவோரின் உழைப்பு வெளியே தெரிவதில்லை. 1993இல் தொடங்கப்பட்ட டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலில் இவர்கள் தன்னார்வலர்கள். உரிமத்தை வரி வரியாகப் படிப்பதும் இவர்கள் கடமையே.

ஈமாக்ஸ் உரைத்திருத்தியின் நிரலை எவரும் மாற்றலாம். அதன் கையேட்டிலோ, 1985ஆம் ஆண்டின் குனூ அறிக்கை உள்ளிட்ட சில பகுதிகளை மாற்றவோ நீக்கவோ கூடாது. குனூ கட்டற்ற ஆவண உரிமம் இதற்கு இடமளிக்கிறது. இத்தகைய பகுதிகள் கொண்ட ஆவணம் கட்டற்றதன்று என 2006இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவெடுத்தனர். கையேடு பிரிக்கப்பட்டு, 'நான்-ஃப்ரீ' பிரிவில் தனிப் பொதியாயிற்று.

அந்த அறிக்கை பகிர்ந்துண்ணும் அறத்தைப் பேசுவது, எனக்கு உவப்பானதே. ஆயினும் மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் டெபியன் பக்கமே நிற்கிறேன். மாற்றக்கூடாப் பகுதியைத் தமிழாக்குவோர் ஆங்கில மூலத்தையும் உடன் சுமக்க வேண்டும். தமிழை மட்டும் வைக்க உரிமையாளரின் தனி அனுமதி வேண்டும் என்கிறது அவ்வுரிமம். (வாழ்நாளெல்லாம் மொழிபெயர்த்தவனுக்கு இது உறுத்தாதா?)

இம்முடிவால் இழப்பும் உண்டு. டெபியனில் ஈமாக்ஸை நிறுவும் புதியவர் உதவிக்குக் கையேட்டைத் திறந்தால், அது அங்கில்லை. கட்டற்றதல்லாத பிரிவைத் தாமே சேர்த்து, அதை வருவித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.