கோடு போட்டவர் பெயரில் ஒரு கோப்பை

(திண்டுக்கல் மணிக்கூண்டு அருகே, வட்டார இளைஞர் கால்பந்துப் போட்டியின் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

ஆடுகளத்துப் புழுதி காலை விட்டு அகலுமுன்பே மேடைக்கு முன்னால் வந்தமர்ந்திருக்கும் இளைஞர்களே!

அரசியல் மேடையிலே நின்று அல்லும் பகலும் பேசுகிறவனுக்குக் கால்பந்து மேடையிலே என்ன வேலை என்று நண்பர் ஒருவர் வழியிலேயே கேட்டார். கழகம் என்ற சொல் இரண்டு இடத்துக்கும் பொதுச்சொல்தானே ஐயா, என்றேன். (சிரிப்பு) கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டுவிட்டு நாடகக் கொட்டகைக்குப் போனவன் நான். அந்தப் பாதிப் படிப்பிலும் முக்கால் பங்கு மைதானத்திலேதான் கழிந்தது. ஆகவே எனக்கு இங்கே பேசக் கொஞ்சம் உரிமை உண்டு.

நான் உங்களுக்கு ஓர் இறுதி ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் நாள், கல்கத்தா மாநகரின் சால்ட் லேக் அரங்கில் நடைபெற்ற டூரண்ட் கோப்பை இறுதி ஆட்டம். ஒரு பக்கம் குவாஹாத்தியின் நார்த் ஈஸ்ட் யுனைட்டெட். நாட்டின் முதல் அடுக்கான இந்தியன் சூப்பர் லீகில் ஆடும் கழகம். முந்தைய ஆண்டு இதே கோப்பையை வென்ற கழகம். மறுபக்கம் டயமண்ட் ஹார்பர். 2022இல் பிறந்த கழகம். மூன்றாம் அடுக்கிலே முதலிடம் பெற்று, இரண்டாம் அடுக்கான ஐ லீகுக்கு அப்போதுதான் படியேறியிருந்த கழகம். டூரண்ட் களத்திலே அது கால் வைத்ததே அந்த ஆண்டுதான்.

முடிவு என்ன தெரியுமா? ஆறுக்கு ஒன்று! நார்த் ஈஸ்ட் ஆறு, டயமண்ட் ஹார்பர் ஒன்று.

"இதைச் சொல்லவா எங்களை உட்கார வைத்தாய்? வலுத்தவன் வென்றான், இளைத்தவன் தோற்றான், இதிலே விந்தை என்ன?" என்று கேட்பீர்கள். பொறுங்கள். இறுதிக் காட்சியை மட்டும் பார்த்துவிட்டு நாடகத்துக்கு விமர்சனம் எழுதுகிறவரை நான் நாடகக்காரனாகவும் வெறுக்கிறேன், ஆட்டக்காரனாகவும் வெறுக்கிறேன்.

முதற் காட்சியிலிருந்து பாருங்கள். பிரிவு ஆட்டத்திலே மோகன் பகானிடம் டயமண்ட் ஹார்பர் ஐந்துக்கு ஒன்று என்று அடி வாங்கியது. அத்தோடு ஊர் போய்ச் சேருவார்கள் என்றார்கள். சேரவில்லை. காலிறுதியிலே ஜாம்ஷெட்பூர் என்ற முதலடுக்குக் கழகத்தை இரண்டுக்குச் சுழியம் என்று வென்றார்கள். அரையிறுதி, ஆகஸ்ட் 20. எதிரே நிற்பது ஈஸ்ட் பெங்கால்! நூறாண்டு கண்ட கழகம், இலட்சக் கணக்கான நெஞ்சங்களை ஆளும் கழகம், அதே போட்டியின் காலிறுதியிலே மோகன் பகானை வீழ்த்திவிட்டு வந்த கழகம். அறுபத்தாறாவது நிமிடத்திலே டயமண்ட் ஹார்பரின் கோர்ட்டசார் தலைகீழாகப் பாய்ந்து அந்தரத்திலே பந்தை உதைத்து வலைக்குள் அனுப்பினார். அடுத்த நிமிடமே ஈஸ்ட் பெங்காலின் அன்வர் அலி சமன் செய்தார். எண்பத்து மூன்றாவது நிமிடத்திலே ஜாபி ஜஸ்டின் வெற்றி கோலை அடித்தார். யார் இந்த ஜாபி? நம் அண்டையிலே உள்ள திருவனந்தபுரத்துக்காரர். முன்னொரு காலத்தில் இதே ஈஸ்ட் பெங்கால் சட்டையை அணிந்து ஆடியவர்!

மூன்றே நாள் இடைவெளி. களைத்த கால்களோடு இறுதி ஆட்டம். முப்பதாவது நிமிடம் வரை கோட்டை நின்றது. அப்புறம் ஆஷீர் அக்தர் ஒன்று. இடைவேளை நெருங்கும் நேரத்திலே பார்த்திப் கோகோய் ஒன்று. இடைவேளை முடிந்த ஐந்தாவது நிமிடத்திலே தோய் சிங் ஒன்று. மூன்றுக்குச் சுழியம். அரங்கிலே பாதிப் பேர் எழுந்து போயிருக்கக்கூடிய வேளை. அறுபத்தெட்டாவது நிமிடத்திலே லூக்கா மைசன் ஒரு கோல் திருப்பினார். அதிலிருந்து எண்பத்தோராவது நிமிடம் வரை, பதின்மூன்று நிமிடங்கள், நான் சொல்ல வந்த நாடகம் முழுவதும் அந்தப் பதின்மூன்று நிமிடங்களிலே இருக்கிறது. மூன்றுக்கு ஒன்று! இன்னொன்று விழுந்தால் மூன்றுக்கு இரண்டு! அப்புறம் யார் கண்டது? தோல்வி உறுதி என்று ஊர் எழுதிய ஓலையைக் கிழித்துப் போட்டுவிட்டு ஆடினார்கள். அதன்பின் நார்த் ஈஸ்டின் ஹைரோ, ஆண்டி, கடைசியாக அலாவுதீன் அஜாரை என்று மூன்று கோல்கள் மளமளவென்று விழுந்தன. ஆறு. நியாயமான வெற்றிதான்; பயிற்சியாளர் பெனாலியின் அணி அன்று ஆடிய ஆட்டத்துக்கு ஆறும் தகும். அதிலே எனக்கு வழக்கில்லை.

என் வழக்கு வேறு.

டூரண்ட் கோப்பை என்கிறோமே, யார் இந்த டூரண்ட்? மார்ட்டிமர் டூரண்ட், வெள்ளை அரசாங்கத்தின் வெளியுறவுச் செயலர். 1888இல் சிம்லாக் குளிரிலே, வெள்ளைச் சிப்பாய்கள் விளையாடுவதற்காக இந்தப் போட்டியைத் தொடங்கி வைத்தவர். 1893இல் ஆப்கானிஸ்தானத்துக்கும் இந்தியாவுக்கும் நடுவே ஒரு கோடு போட்டாரே, பஷ்தூன் மக்களை இரு கூறாக்கிய அந்த டூரண்ட் கோடு, அதைப் போட்டவரும் இவரே! கோடு போட்டவர் பெயரிலே கோப்பை. ஆனால் அந்தக் கோப்பையோ கோட்டைத் தாண்டுகிறவர்களுக்கே பெருமை சேர்த்து வந்திருக்கிறது. 1940இல் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம் ராயல் வார்விக்ஷயர் பட்டாளத்தை இரண்டுக்கு ஒன்று என்று வென்று, ஆண்டவன் ஆடுகளத்திலும் ஆளவேண்டும் என்ற விதியில்லை என்று காட்டியது. 1955இலும் 1958இலும் நம் நீலகிரி வெலிங்டனிலிருந்து போன மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அதை வென்று வந்தது. நம்மவர்களிலே எத்தனை பேருக்கு இது தெரியும்? கைதூக்கச் சொல்லவில்லை, எனக்கே முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

கோப்பைப் போட்டி என்பதன் சிறப்பே இதுதான். லீகிலே அடுக்கு உண்டு. மேலடுக்குக்காரன் கீழடுக்குக்காரனைச் சந்திக்கவே தேவையில்லை. கோப்பையிலே சந்தித்தாக வேண்டும். 1973ஆம் ஆண்டு மே 5ஆம் நாள், இங்கிலாந்திலே, கப்பல் கட்டும் தொழிலாளரும் நிலக்கரி வெட்டும் தொழிலாளரும் நிறைந்த சண்டர்லாந்து ஊரின் இரண்டாம் அடுக்குக் கழகம், லீட்ஸ் என்ற பேரணியை ஒன்றுக்குச் சுழியம் என்று வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியது. 1976இல் சவுத்தாம்ப்டன், மான்செஸ்டர் யுனைட்டெடை அதே கணக்கிலே வீழ்த்தியது. அவ்வளவு ஏன், 2000இல் பிரான்சிலே நான்காம் அடுக்கிலிருந்து காலே என்ற துறைமுக ஊரின் கழகம் இறுதி ஆட்டம் வரை வந்து நாந்த் அணியிடம் இரண்டுக்கு ஒன்று என்றுதான் தோற்றது!

ஆனால் அங்கே கோப்பை ஒரு வாசல். லீகிலே ஏறுவதும் இறங்குவதும் இன்னொரு வாசல். இங்கே?

பூட்டைப் பற்றித் திண்டுக்கல்லுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நாகல்நகர்ப் பட்டறையிலே அரம் பிடித்த கைகளின் முன்னால் நிற்கிறேன். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு உங்களுடையது. உரியவன் சாவிக்குத் திறப்பதும் திருடன் சாவிக்குத் திறக்காததும் நம்மூர்ப் பூட்டின் குணம். இந்தியக் கால்பந்திலே ஒரு பூட்டுப் போட்டார்கள். அது உரியவன் சாவிக்கும் திறக்கவில்லை! 2014இல் இந்தியன் சூப்பர் லீகைத் தொடங்கினார்கள். பணம் கட்டியவர் உள்ளே, மற்றவர் வெளியே. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

2019ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள். நான் பழனி, உடுமலை வழியாகப் பேருந்திலே கோவைக்குப் போனேன். நேரு விளையாட்டரங்கம். சென்னை சிட்டி கழகத்துக்கும் மினர்வா பஞ்சாபுக்கும் ஐ லீகின் கடைசி ஆட்டம். வென்றால் பட்டம், தவறினால் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்விடும் பட்டம். தொடக்கத்திலேயே மினர்வா ஒரு கோல் போட்டது. என் பக்கத்திலே இருந்த பெரியவர் தலையிலே துண்டைப் போட்டுக்கொண்டார். இடைவேளைக்குப் பிறகு மான்சி ஒன்று, கௌரவ் போரா இரண்டு, மூன்றுக்கு ஒன்று! ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில் தமிழ்நாட்டுக் கழகம் ஐ லீகை வென்றது. அந்தப் பெரியவர் அதே துண்டைச் சுழற்றினார் பாருங்கள், அதை எந்த நாடகத்திலும் என்னால் எழுத முடியவில்லை.

அந்த ஆண்டே என்ன நடந்தது? இந்தியன் சூப்பர் லீகே முதலடுக்கு என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஐ லீக் இரண்டாம் அடுக்காயிற்று. மேலே ஏற ஏணி? அப்போது இல்லை! ஏணி போட்டது 2022-23 பருவத்திலேதான். அதிலே முதன்முதல் ஏறியது பஞ்சாப் கழகம். அந்தப் பருவத்திலே பஞ்சாபுக்காகப் பதினாறு கோல் அடித்தவர் யார் தெரியுமா? டூரண்ட் இறுதியிலே டயமண்ட் ஹார்பரின் அந்த ஒற்றைக் கோலை அடித்தாரே, அதே லூக்கா மைசன்! ஏணி வந்த நேரத்திலே சென்னை சிட்டி ஐ லீகிலேயே இல்லை.

இனி, எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. அதை மறைத்துப் பேசினால் நான் நேர்மையானவன் அல்லன். ஆறு கோல் அடித்த நார்த் ஈஸ்ட் இருக்கிறதே, அது 2022-23இல் இருபது ஆட்டங்களிலே ஒன்றே ஒன்றை வென்று, கடைசி இடத்திலே கிடந்தது. இறக்கம் இருந்திருந்தால் இறங்கியிருக்கும். இறங்காததால் அடுத்த ஆண்டே நிமிர்ந்தது. பத்தாண்டு காலம் ஒரு கோப்பையும் காணாத கழகம், 2024இல் மோகன் பகானை டைபிரேக்கரிலே வென்று டூரண்டைத் தூக்கியது. நாட்டின் மூலையிலே, பெரிய நகரங்கள் திரும்பியும் பாராத எட்டு மாநிலங்களின் பெயரைச் சுமந்த கழகம் அது. "பூட்டு இருந்ததால்தானே பிழைத்தார்கள்?" என்று ஒரு தோழர் கேட்டார். வாயடைத்து நின்றேன் சற்று நேரம். பிறகு சொன்னேன்: விழுந்தவனைத் தாங்குவது நல்லதுதான் தோழரே, அவன் விழுந்த ஆண்டிலே தாங்கிய கை, சென்னை சிட்டி வென்ற ஆண்டிலே எங்கே போயிற்று? தாங்குவதற்கு வலை கட்டுங்கள். இறங்கும் கழகத்துக்குச் சில ஆண்டுகள் பண உதவி கொடுங்கள், இங்கிலாந்திலே கொடுக்கிறார்கள். வலையைக் கட்டுவதற்குப் பதிலாக வாசலை அடைப்பானேன்?

டயமண்ட் ஹார்பரும் ஏதுமற்ற ஏழையல்ல. அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் அபிஷேக் பானர்ஜியின் முயற்சியிலே எழுந்த கழகம் அது. நார்த் ஈஸ்டுக்கோ இந்தி நடிகர் ஜான் ஆபிரகாம் உரிமையாளர். நாடகத்துக்குத் தயாரிப்பாளர் இல்லாமல் திரை உயராது என்பதை நான் அறிவேன். ஆனால் தயாரிப்பாளர் கொட்டகையையே பூட்டிக்கொண்டு போனால்? அதுவும் நடந்தது! அந்த இறுதி ஆட்டம் நடந்தபோதே, ஒப்பந்தச் சிக்கலினால் இந்தியன் சூப்பர் லீக் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. 2025 ஜூலையிலே அறிவித்தார்கள். ஆட்டங்கள் மறு ஆண்டு பிப்ரவரியிலேதான் தொடங்கின. ஆறு கோல் அடித்தவனுக்கும் தெரியாது, ஆறு கோல் வாங்கியவனுக்கும் தெரியாது, அடுத்த சம்பளம் எந்த மாதத்திலே என்று! மேலடுக்கும் கீழடுக்கும் அன்றைக்கு ஒரே வாசலிலே, பூட்டுக்கு வெளியே நின்றன.

வேடசந்தூர் நூற்பாலையிலே இரவு முறை முடித்துவிட்டு விடியற்காலையிலே பந்தோடு வந்த பிள்ளைகளை இன்று பார்த்தேன். வத்தலக்குண்டிலிருந்து வந்த அணி, இரண்டு ஜோடிக் காலணியைப் பதினோரு பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ள முடியாது என்பதால் எல்லாருமே வெறுங்காலோடு ஆடியதையும் பார்த்தேன். அவர்கள் மாவட்ட லீகுக்கு வரவேண்டுமானால் பதிவுக் கட்டணம் எவ்வளவு, வண்டிச் செலவு யார் தருவது, மைதானத்துச் சாவி யாரிடம் இருக்கிறது? இந்த மூன்றையும் கேட்டு இங்கேயே ஒரு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறோம். கூட்டம் கலையுமுன் கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள்.

பரிசுகள் காத்திருக்கின்றன. வழக்கப்படி வென்றவர்களைத்தான் முதலில் அழைப்பார்கள். இன்று தோற்ற அணியை முதலில் மேடைக்கு அழைக்கலாமா என்று தலைவரைக் கேட்டேன்; இசைந்துவிட்டார். வாருங்கள், வத்தலக்குண்டுத் தம்பிகளே! (நீண்ட கைதட்டல்)