எத்தனை பேர் விழுந்தால் தோல்வி?



காலையில் தேநீர் இடைவேளையில் ஒரு மாணவர், "சார், எத்தனை பேர் விழுந்தா ஒரு படை தோத்துப்போச்சுன்னு அர்த்தம்?" என்று கேட்டார். நான் காலாட்படையில் இருந்தவன். ஆனாலும் சட்டென்று ஒரு எண்ணைச் சொல்ல முடியவில்லை. ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

நூற்றுக்கு முப்பது பேர் போனால் படை உடைந்துவிடும் என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. 1954-இல் டோரதி கிளார்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் இரண்டாம் உலகப் போரின் 44 சண்டைகளைப் பரிசீலித்தார். இழப்புச் சதவீதத்தை மட்டும் வைத்து ஒரு பட்டாலியன் எப்போது செயலிழக்கும் என்று சொல்ல முடியாது என்பதே அவர் கண்ட முடிவு.

லடாக்கில் ரெசாங் லா, 1962 நவம்பர் 18. மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில் 13-ஆம் குமாவுன் பட்டாலியனின் சார்லி கம்பெனி. சுமார் 120 பேரில் 110-க்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். வாய்ப்பாட்டுப்படி பார்த்தால் பாதி வழியிலேயே கலைந்திருக்க வேண்டும். கலையவில்லை. மறு ஆண்டு உடல்களைக் கண்டெடுத்தபோது, பலர் பதுங்குகுழியிலேயே ஆயுதத்தோடு இருந்தார்கள். அந்த மேடு போயிற்று. போர்நிறுத்தம் வந்தபோது சுஷூல் நம் கையில் இருந்தது.

இன்னொன்று, ஃபாக்லாந்தில் கூஸ் கிரீன், 1982 மே 28. பிரிட்டிஷ் பாராசூட் பட்டாலியனின் தளபதி ஜோன்ஸ் சண்டை நடுவில் கொல்லப்பட்டார். அடுத்த நிலையில் இருந்த மேஜர் கீபிள் பொறுப்பேற்று முன்னேறினார். மறுநாள் காலை, மேலும் ஆட்களைப் பலி கொடுக்காமல், கைதிகள் மூலம் எதிரிக்குச் செய்தி அனுப்பினார். அவர்கள் சரணடைந்தார்கள்.

ஆக, எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதைவிட, மிச்சமிருப்பவர்களுக்கு என்ன செய்யணும்னு தெரியுமா என்பதுதான் கேள்வி. அதனால்தான் செக்‌ஷன் கமாண்டர் விழுந்தால் அடுத்தவர் யார் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கிறோம்.

உயிரை மலிவாக்கிப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். நிறையப் பேரை இழந்ததாலேயே ஒரு படை வீரப்படை ஆகிவிடாது. அந்த 110 பேருக்கும் வீடு இருந்தது, காத்திருந்தவர்கள் இருந்தார்கள். இழப்பைக் கணக்கெடுக்கிற அதிகாரி, எதற்காக இழந்தோம் என்பதற்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

மாணவர்களே, நீங்கள் பட்டாளத்துக்கே வரணும்னு இல்லை. எந்தப் பொறுப்பில் இருந்தாலும், நாளைக்கு நீங்கள் இல்லையென்றால் வேலை நடக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவருக்கு இன்றே கற்றுக்கொடுங்கள்.